கண்ணாடி உத்திரங்களின் நிலைத்தன்மை

கண்ணாடி உத்திரங்களின் நிலைத்தன்மை என்பது, கட்டிடங்களில் சுமை தாங்கும் உறுப்பாக அமைக்கப்படும் கண்ணாடி உத்திரம் பக்கவாட்டில் சாயாமலும் முறுகாமலும் தன் தளத்திலேயே நின்று சுமையைத் தாங்கும் பண்பைக் குறிக்கும். கட்டமைப்புப் பொறியியலில் இது ஓர் இளைய துறை ஆகும். கண்ணாடிக் கூரைகள், முகப்புகள், படிக்கட்டுகள், சிறு பாலங்கள் ஆகியவற்றில் எஃகுச் சட்டங்களுக்குப் பதிலாகக் கண்ணாடியையே உத்திரமாகப் பயன்படுத்தும் வழக்கம் 1990களில் பரவத் தொடங்கிய பின்னரே இதுபற்றிய முறையான ஆய்வுகள் பெருகின.

எந்த ஓர் உத்திரமும் இரு வகைகளில் தோல்வியடையலாம். பொருளின் வலிமை போதாமல் அது உடைவது ஒரு வகை. பொருளில் வலிமை மிச்சம் இருக்கும்போதே உத்திரம் நேர்நிலையை இழந்து பக்கவாட்டில் நெளிந்து விலகுவது மற்றொரு வகை. கண்ணாடி என்றவுடன் முதல் வகையே எவர் மனத்திலும் தோன்றும். ஆனால் மெல்லியதாகவும் உயரமாகவும் அமையும் கண்ணாடி உத்திரங்களில் இரண்டாம் வகைத் தோல்வி பல நேரங்களில் முந்திக்கொள்கிறது. அது எப்போது நேரும் என்பதைக் கண்ணாடி மட்டும் முடிவு செய்வதில்லை. கண்ணாடித் தகடுகளுக்கு இடையே ஒட்டப்பட்டுள்ள, ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமன் கொண்ட நெகிழிப் படலமும் முடிவு செய்கிறது.

கண்ணாடியின் பண்புகள்

கட்டிடங்களில் பயன்படும் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடியின் யங் குணகம் ஏறத்தாழ 70,000 மெகாபாஸ்கல் ஆகும். இது அலுமினியத்தின் மதிப்புக்குச் சமமானது. எஃகின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்புக் குணகம் ஏறத்தாழ 28,000 மெகாபாஸ்கல். அடர்த்தி கன மீட்டருக்கு 2,500 கிலோகிராம். அதாவது கற்காரையின் அடர்த்தியை ஒத்தது. அமுக்கத்தைக் கண்ணாடி மிக நன்றாகத் தாங்கும். இழுவிசைக்கே அது அஞ்சும்.

எஃகுக்கும் கண்ணாடிக்கும் உள்ள பெரிய வேறுபாடு இளகுதல் தொடர்பானது. அளவுக்கு மீறிய சுமை வரும்போது எஃகு இளகி, நீண்டு, தகைவை அண்டைப் பகுதிகளுக்குப் பகிர்ந்தளிக்கும். கண்ணாடி உடையும் கணம்வரை மீட்சித்தன்மையுடனேயே இருந்து, பின்னர் முன்னறிவிப்பின்றி உடைகிறது. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் எப்போதும் உண்டு. இழுவிசை அவற்றின் முனைகளில் குவிந்து விரிசலை வளர்க்கிறது. பிரித்தானியப் பொறியியலாளர் ஏ. ஏ. கிரிஃபித் 1921-இல் வெளியிட்ட, விரிசல்களைப் பற்றிய புகழ்பெற்ற கொள்கை கண்ணாடியில் செய்த சோதனைகளிலிருந்தே பிறந்தது. காற்றில் உள்ள ஈரம் விரிசல் முனையில் வினைபுரிந்து அதனை மெல்ல வளர்ப்பதால், நீண்ட காலம் நிலைத்திருக்கும் சுமைக்குக் கண்ணாடியின் வலிமை மேலும் குறைகிறது.

ஐரோப்பியத் தரங்களின்படி, சாதாரண மிதவைக் கண்ணாடியின் வளைவு வலிமை 45 மெகாபாஸ்கல், வெப்பத்தால் வலுவூட்டிய கண்ணாடிக்கு 70 மெகாபாஸ்கல், முழுமையாகப் பதப்படுத்திய கண்ணாடிக்கு 120 மெகாபாஸ்கல் எனக் கொள்ளப்படுகிறது. முழுமையாகப் பதப்படுத்திய கண்ணாடியே கடைகளில் 'டஃபண்ட் கிளாஸ்' எனப்படுவது. கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றை வீசி விரைவாகக் குளிர்விப்பதால் அதன் மேற்பரப்பில் அமுக்கமும் உட்பகுதியில் இழுவிசையும் நிலைபெறுகின்றன. மேற்பரப்பில் உள்ள அமுக்கம் நுண்விரிசல்களை மூடி வைக்கிறது.

இங்கு ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். பதப்படுத்துவதால் வலிமை கூடுகிறதே தவிர, யங் குணகம் சிறிதும் மாறுவதில்லை. நெளிவை எதிர்ப்பது வலிமை அன்று, விறைப்பு ஆகும். எனவே நெளிந்து விலகக்கூடிய ஓர் உத்திரத்தைப் பதப்படுத்திய கண்ணாடியால் செய்வதால் மட்டும் அது நெளியத் தொடங்கும் சுமை உயர்ந்துவிடாது.

பக்கவாட்டு முறுக்கு நெளிவு

மாணவர் பயன்படுத்தும் 30 சென்டிமீட்டர் நெகிழி அடிக்கோல் ஒன்றின் விளிம்பு மேல்நோக்கி இருக்குமாறு அதன் இரு முனைகளையும் தாங்கிப் பிடித்து, நடுவில் மேலிருந்து அழுத்தினால் இந்நிகழ்வை நேரில் காணலாம். முதலில் கோல் அசையாது. அழுத்தம் ஓரளவை எட்டியதும் நடுப்பகுதி சட்டென ஒரு பக்கம் விலகும். அதே நேரத்தில் முறுகவும் செய்யும். இதுவே பக்கவாட்டு முறுக்கு நெளிவு எனப்படுகிறது.

இதன் காரணம் எளிது. வளையும் உத்திரத்தின் மேற்பகுதி அமுக்கத்துக்கும் கீழ்ப்பகுதி இழுவிசைக்கும் உள்ளாகின்றன. அமுக்கத்துக்கு உள்ளான மேற்பகுதி ஒல்லியான ஒரு தூண் போன்று நடந்துகொள்கிறது. ஒல்லியான தூண் நெளிவது இயல்பு. கீழ்நோக்கி நெளிய உத்திரத்தின் உயரம் இடம் தராது. எனவே அது பக்கவாட்டில் விலகுகிறது. இழுவிசையில் உள்ள கீழ்ப்பகுதி நேராக நிற்க முயல்வதால் மேலும் கீழும் ஒன்றுபோல் விலகாமல் உத்திரம் முறுகுகிறது.

தூண்களின் நெளிவை லியோனார்டு ஆய்லர் 1744-இலேயே விளக்கிவிட்டார். உத்திரங்களின் நெளிவு விளக்கம் பெற மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது. 1899-இல், ஒருவரை ஒருவர் அறியாமல் இருவர் அதற்குத் தீர்வு கண்டனர். ஒருவர் மியூனிக் பல்கலைக்கழகத்துக்கு முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்த லுட்விக் பிராண்டில். பின்னாளில் பாய்ம இயக்கவியலில் எல்லைப் படலக் கொள்கையால் புகழ் பெற்றவர். மற்றவர் ஆத்திரேலியப் பொறியியலாளர் ஏ. ஜி. எம். மிட்செல். இருவரும் எடுத்துக்கொண்டது ஒல்லியான செவ்வக வெட்டுமுகம் கொண்ட உத்திரம். பின்னர் எஃகு உத்திரங்கள் 'ஐ' வடிவம் பெற்றதால் அந்த எளிய செவ்வகம் நடைமுறையில் பின்தள்ளப்பட்டது. கண்ணாடி உத்திரங்கள் வந்த பிறகு, நூறு ஆண்டு பழைய அத்தீர்வு மீண்டும் அன்றாடத் தேவை ஆயிற்று.

மாறுநிலைத் திருப்புத்திறன்

உத்திரம் நெளியத் தொடங்கும் நிலைக்குரிய வளைக்கும் திருப்புத்திறன், மாறுநிலைத் திருப்புத்திறன் எனப்படும். இரு முனைகளிலும் முறுகாதவாறு பிடிக்கப்பட்டு, நீளம் முழுவதும் ஒரே அளவான திருப்புத்திறனுக்கு உள்ளான உத்திரத்துக்கு அதன் மதிப்பைப் பின்வருமாறு சொல்லலாம்: பக்கவாட்டு வளைவு விறைப்பையும் முறுக்க விறைப்பையும் பெருக்கி, அப்பெருக்கத்தின் வர்க்கமூலத்தை எடுத்து, பை என்ற மாறிலியால் பெருக்கி, தாங்கிகளுக்கு இடைப்பட்ட தூரத்தால் வகுக்க வேண்டும்.

ஒல்லியான செவ்வகத்தில் இவ்விரு விறைப்புகளும் உயரத்துக்கு நேர்விகிதத்திலும், தடிமனின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் அமைகின்றன. எனவே தடிமனை இரு மடங்காக்கினால் மாறுநிலைத் திருப்புத்திறன் எட்டு மடங்காகும். உயரத்தை இரு மடங்காக்கினால் இரு மடங்கே ஆகும். வலிமையின் கணக்கு இதற்கு மாறானது. அங்கு உயரத்தின் வர்க்கமே முதன்மை பெறுகிறது. வலிமையை மட்டும் பார்த்து உத்திரத்தை உயரமாகவும் மெல்லியதாகவும் வடிவமைப்பவர், அறியாமலேயே அதனை நெளிவை நோக்கித் தள்ளுகிறார்.

தடிமனின் மும்மடி வேறொரு விளைவையும் தருகிறது. 10 மில்லிமீட்டர் எனக் குறிக்கப்படும் மிதவைக் கண்ணாடியின் தடிமனில் 0.3 மில்லிமீட்டர் கூடுதல் குறைவு ஐரோப்பியத் தரத்தில் அனுமதிக்கப்படுகிறது. 9.7 மில்லிமீட்டர் தகடு வந்துசேர்ந்தால் விறைப்பில் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்துவிடும். இதனால் கணக்கீடுகளில் பெயரளவுத் தடிமனைக் கொள்ளாமல் குறைந்தபட்சத் தடிமனைக் கொள்வது பாதுகாப்பானது.

சுமை எங்கு அமர்கிறது என்பதும் முக்கியம் ஆகும். உத்திரத்தின் மேல் விளிம்பில் அமரும் சுமை, உத்திரம் சாயும்போது தானும் சாய்ந்து அதனை மேலும் கவிழ்க்கிறது. கீழ் விளிம்பில் தொங்கும் சுமை உத்திரத்தை நிமிர்த்த முயல்கிறது. கண்ணாடிக் கூரைகளில் சுமை பெரும்பாலும் மேல் விளிம்பிலேயே அமர்கிறது.

அடுக்குக் கண்ணாடியும் இடைப்படலமும்

ஒற்றைத் தகட்டால் ஆன கண்ணாடி உத்திரம் உடைந்தால் அனைத்தும் ஒருசேர விழும். அதனால் சுமை தாங்கும் உத்திரங்கள் இரண்டு, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தகடுகளை ஒட்டிய அடுக்குக் கண்ணாடியால் செய்யப்படுகின்றன. தகடுகளுக்கு இடையே நெகிழி இடைப்படலம் வைத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டுவர். நெடுங்காலமாக வழக்கில் உள்ள இடைப்படலம் பாலிவினைல் பியூட்டிரால் ஆகும். வாகனங்களின் முன்கண்ணாடியில் உள்ளதும் இதுவே. இது 0.38 மில்லிமீட்டரின் மடங்குகளில் கிடைக்கிறது.

இந்த இடைப்படலம் இரு பணிகளைச் செய்கிறது. உடைந்த துண்டுகளைப் பிடித்து வைப்பது பலரும் அறிந்த பணி. தகடுகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்காமல் தடுத்து, அவற்றை ஒரே தடித்த உத்திரம்போல் செயல்பட வைப்பது அதிகம் அறியப்படாத பணி. புத்தகம் ஒன்றை வளைத்தால் அதன் தாள்கள் ஒன்றன்மீது ஒன்று வழுக்குகின்றன; அதனால் புத்தகம் எளிதில் வளைகிறது. தாள்களை எல்லாம் பசையிட்டு ஒட்டிவிட்டால் அதே புத்தகம் பலகைபோல் விறைத்துவிடும். கண்ணாடி உத்திரம் தாள்களாக நடந்துகொள்ளுமா, பலகையாக நடந்துகொள்ளுமா என்பதே இங்குள்ள கேள்வி.

வேறுபாட்டின் அளவை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். 4 மீட்டர் நீளமும் 300 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட, மூன்று 10 மில்லிமீட்டர் தகடுகளால் ஆன ஓர் உத்திரத்தைக் கொள்வோம். இடைப்படலத்தின் தடிமனைப் புறக்கணித்து, மேற்கண்ட எளிய சூத்திரத்தைப் பயன்படுத்தலாம். மூன்று தகடுகளும் முழுமையாக ஒட்டி ஒரே 30 மில்லிமீட்டர் தகடாகச் செயல்பட்டால், மாறுநிலைத் திருப்புத்திறன் ஏறத்தாழ 47 கிலோநியூட்டன்-மீட்டர். சிறிதும் ஒட்டாமல் மூன்று தனித் தகடுகளாகச் செயல்பட்டால் அது ஏறத்தாழ 5.2 கிலோநியூட்டன்-மீட்டர் மட்டுமே. ஒன்பதில் ஒரு பங்கு.

இந்த உத்திரம் ஒரு கூரையைத் தாங்குவதாகவும், அதன் சொந்த எடை உட்பட மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் சுமை அதன்மீது வருவதாகவும் கொண்டால், நடுப்பகுதியில் 4 கிலோநியூட்டன்-மீட்டர் திருப்புத்திறன் ஏற்படும். அப்போது கண்ணாடியில் தோன்றும் இழுதகைவு ஏறத்தாழ 9 மெகாபாஸ்கல். சாதாரண மிதவைக் கண்ணாடியின் 45 மெகாபாஸ்கலோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. வலிமையை மட்டும் சோதிப்பவர் நிம்மதியாகக் கோப்பை மூடிவிடலாம். நிலைத்தன்மையைச் சோதிப்பவருக்கு அந்த நிம்மதி இல்லை. இடைப்படலம் நன்றாகச் செயல்படும்போது பதினொரு மடங்குக்கு மேல் இருந்த இடைவெளி, அது செயலிழக்கும்போது 1.3 மடங்காகச் சுருங்குகிறது.

உண்மையான உத்திரம் இவ்விரு எல்லைகளுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது. எங்கு நிற்கிறது என்பது வெப்பநிலையையும் சுமை நீடிக்கும் காலத்தையும் பொறுத்தது. பாலிவினைல் பியூட்டிரால் ஒரு பாகுமீள் பொருள்; அதாவது மீட்சிப் பொருளின் இயல்பும், பிசுபிசுத்து ஒழுகும் பாகின் இயல்பும் ஒருங்கே கொண்டது. குளிரில், சில நொடிகளே நீடிக்கும் சுமைக்கு அதன் விறைப்புக் குணகம் நூறு மெகாபாஸ்கலைக்கூடத் தாண்டலாம். வெப்பத்தில், வாரக்கணக்கில் நீடிக்கும் சுமைக்கு அது ஒரு மெகாபாஸ்கலுக்கு வெகு கீழே இறங்கிவிடும். அதன் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை அறை வெப்பநிலையை ஒட்டியே அமைவது இதற்குக் காரணம். வெயில் படும் கூரையில் கண்ணாடி, சுற்றியுள்ள காற்றைவிட வெகுவாகச் சூடேறும் என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதனால் ஒரே உத்திரத்துக்குப் பல மாறுநிலை மதிப்புகள் உண்டு. மூன்று நொடிகள் வீசும் சூறைக்காற்றுக்கு அது ஏறத்தாழப் பலகை. பல வாரங்கள் கூரையில் கிடக்கும் பனிக்கு அது பாதிப் பலகை. பனி விழும் காலம் குளிர்காலம் என்பது ஒரு நற்பேறு. நிலையாக இருக்கும் சொந்த எடைக்குக் கோடையில் அது கிட்டத்தட்டத் தாள் கட்டு. சுமை ஏற்றிய அன்று நேராக நிற்கும் உத்திரம், சுமை மாறாமலே இடைப்படலம் மெல்ல வழுக்குவதால் நாளடைவில் பக்கவாட்டில் விலகிக்கொண்டே போகவும் கூடும்.

பழைய தேவாலயங்களின் சன்னல் கண்ணாடிகள் அடிப்பகுதியில் தடித்திருப்பதைக் காட்டி, கண்ணாடி ஒரு மெதுவான திரவம் என்றும் அது காலப்போக்கில் ஒழுகுகிறது என்றும் சொல்வது பரவலான தவறு. அத்தடிப்பு பழைய உற்பத்தி முறையின் விளைவே. கண்ணாடி உத்திரத்தில் காலப்போக்கில் நகர்வது கண்ணாடி அன்று, இடைப்படலம் ஆகும்.

இச்சிக்கலுக்கு விடையாக வந்தது அயனோபிளாஸ்ட் வகை இடைப்படலம். சூறாவளி வீசும் பகுதிகளின் சன்னல்களுக்காக 1990களின் இறுதியில் டூபாண்ட் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'சென்ட்ரிகிளாஸ்' இதில் அறியப்பட்டது. 2014 முதல் அது குராரே நிறுவனத்திடம் உள்ளது. அறை வெப்பநிலையில் இது பாலிவினைல் பியூட்டிராலைவிடப் பன்மடங்கு விறைப்பானது. எனினும் இதன் கண்ணாடிநிலை மாற்ற வெப்பநிலை ஏறத்தாழ 55 பாகை செல்சியசு என்பதால், கடும் வெயிலில் இதன் விறைப்பும் குறைகிறது. இது வெப்பத்தின் கேள்வியை அகற்றிவிடவில்லை. உயர்ந்த வெப்பநிலைக்குத் தள்ளி வைத்திருக்கிறது.

கணக்கீட்டை எளிதாக்க, அடுக்குக் கண்ணாடியை அதே விறைப்புள்ள ஒற்றைத் தகடாகக் கற்பித்துக்கொண்டு, அதன் 'பயனுறு தடிமனை'ப் பயன்படுத்தும் முறை பரவலாக உள்ளது. வளைவுக்கான பயனுறு தடிமனும் முறுக்கத்துக்கான பயனுறு தடிமனும் ஒன்றல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. நெளிவுக் கணக்கில் இரண்டும் தேவைப்படுகின்றன.

தொடக்க வளைவு

கோட்பாட்டில் உத்திரம் முற்றிலும் நேரானது. மாறுநிலைச் சுமை வரும்வரை அது பக்கவாட்டில் அசையாது. நடைமுறையில் எந்தத் தகடும் முற்றிலும் நேராக இருப்பதில்லை. மிதவைக் கண்ணாடி மிகத் தட்டையாகவே பிறக்கிறது. பதப்படுத்தும் உலையில் உருளைகளின்மீது சூடாகி நகரும்போது அது சற்றே வளைகிறது. கிடைமட்டமாகப் பதப்படுத்திய மிதவைக் கண்ணாடியில் மீட்டருக்கு 3 மில்லிமீட்டர்வரை ஒட்டுமொத்த வளைவை ஐரோப்பியத் தரம் ஈஎன் 12150 அனுமதிக்கிறது. வலிமை கூட்டுவதற்காகச் செய்யும் செயலே நேர்மையைக் குறைப்பது இத்துறையின் முரண்களில் ஒன்று.

தொடக்க வளைவு கொண்ட உத்திரம், சுமை ஏறத் தொடங்கிய கணத்திலிருந்தே பக்கவாட்டில் விலகத் தொடங்குகிறது. மாறுநிலையை நெருங்க நெருங்க விலகல் விரைந்து பெருகுகிறது. இவ்விலகலால் பக்கவாட்டு வளைவும் முறுக்கமும் கூடுதல் இழுதகைவை உண்டாக்குகின்றன. எஃகு உத்திரமாயின் இக்கட்டத்தில் இளகத் தொடங்கும். கண்ணாடி உத்திரத்திலோ, இழுவிசையில் உள்ள விளிம்பில் ஏதோ ஒரு நுண்விரிசல் தன் எல்லையை எட்ட, உத்திரம் உடைகிறது. ஆகவே நெளிவும் உடைவும் தனித்தனிச் சோதனைகள் அல்ல; நெளிவு தொடங்கி வைப்பதை உடைவு முடித்து வைக்கிறது. உத்திரத்தின் விளிம்புகளைத் தேய்த்து மெருகேற்றுவது அழகுக்காக மட்டும் அன்று என்பது இதனால் விளங்கும்.

பக்கவாட்டுத் தாங்கல்

நெளிவைத் தடுக்கச் சிறந்த வழி, அமுக்கத்துக்கு உள்ளான விளிம்பைப் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது ஆகும். கண்ணாடிக் கூரையில், கூரைத் தகடுகளை உத்திரத்தின் மேல் விளிம்போடு இணைக்கும் சிலிக்கோன் இணைப்பே ஓரளவு இப்பணியைச் செய்கிறது. சிலிக்கோன் மென்மையானது என்றாலும் நீளம் முழுவதும் தொடர்ச்சியாக இருப்பதால் அதன் உதவி குறிப்பிடத்தக்கது. கூரைத் தகடுகளும் அவ்விசையைக் கட்டிடத்தின் உறுதியான பகுதிக்குக் கொண்டுசெல்லும்படி அமைந்திருக்க வேண்டும். இல்லையெனில் எல்லா உத்திரங்களும் சேர்ந்து ஒரே பக்கம் சாயும்.

காற்று இக்கணக்கைத் தலைகீழாக்கிவிடும். கூரையைக் காற்று மேல்நோக்கி உறிஞ்சும்போது உத்திரத்தின் கீழ் விளிம்பு அமுக்கத்துக்கு உள்ளாகிறது. அது எதனாலும் பிடிக்கப்படாமல் வெற்றாக நிற்கும் விளிம்பு. முகப்புகளில் செங்குத்தாக நிற்கும் கண்ணாடித் துடுப்புகளிலும் இதே நிலைதான். கட்டிடத்தின் உட்புறத்தில், முகப்புக் கண்ணாடிக்குச் செங்குத்தாக ஒட்டப்படும் ஒடுங்கிய தகடே துடுப்பு எனப்படுகிறது. காற்று முகப்பை வெளியிலிருந்து தள்ளும்போது ஒட்டிய விளிம்பு அமுக்கம் பெறுகிறது, பாதுகாப்பான நிலை. காற்று முகப்பை வெளிநோக்கி இழுக்கும்போது உட்புற வெற்று விளிம்பு அமுக்கம் பெறுகிறது. பெரும்பாலும் இந்த இரண்டாம் நிலையே துடுப்பின் அளவை முடிவு செய்கிறது.

முனைகளில் உத்திரம் முறுகாதவாறு கவடு போன்ற உலோகத் தாங்கிகள் இருபுறமும் பிடிக்கின்றன. கண்ணாடியும் உலோகமும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளாதபடி இடையே மென்மையான அணைகள் வைக்கப்படும்.

ஒரு தகடு உடைந்த பின்

கண்ணாடி வடிவமைப்பில், ஏதேனும் ஒரு தகடு என்றேனும் உடையும் என்று கொண்டே கணக்கிட வேண்டும். மோதலோ கல்வீச்சோ தேவையில்லை. பதப்படுத்திய கண்ணாடியில் அரிதாகச் சிக்கியிருக்கும் நிக்கல் சல்பைடுத் துகள், நிறுவிய பல ஆண்டுகளுக்குப் பின்னர்கூட மெல்ல உருமாறி, விரிந்து, தகட்டைத் தானாகவே உடைக்கக்கூடும். இத்தகைய தகடுகளை முன்கூட்டியே உடையச் செய்து நீக்குவதற்காகப் பதப்படுத்திய கண்ணாடியை மீண்டும் சூடாக்கிப் பல மணி நேரம் வைக்கும் சோதனை செய்யப்படுகிறது. இது வாய்ப்பைப் பெரிதும் குறைக்கும், முற்றிலும் நீக்காது.

மேற்கண்ட எடுத்துக்காட்டு உத்திரத்தில் வெளித்தகடு ஒன்று உடைந்தால், எஞ்சிய இரு தகடுகளில் இழுதகைவு ஏறத்தாழ 13 மெகாபாஸ்கலாக உயரும். வலிமையைப் பொறுத்தவரை இன்னும் கவலை இல்லை. மாறுநிலைத் திருப்புத்திறன், இரு தகடுகளும் முழுமையாக ஒட்டிச் செயல்பட்டால் 14 கிலோநியூட்டன்-மீட்டர் அளவில் இருக்கும். ஒட்டாத நிலையில் அது 3.5 கிலோநியூட்டன்-மீட்டர். சுமை தருவதோ 4. உத்திரம் நிற்காது. குளிர்ந்த காலை வேளையில் ஒரு தகடு உடைந்தும் நிற்கும் உத்திரம், வெயில் ஏறும்போது நெளியக்கூடும் என்பது இதன் பொருள். உடைந்த தகட்டைக் கண்டவுடன் கீழே ஆட்கள் நடமாடுவதைத் தடுப்பதும், தற்காலிகத் தாங்கு அமைப்பதும் இதனால்தான் வலியுறுத்தப்படுகின்றன.

எந்த வகைக் கண்ணாடி என்பதும் இங்கு பொருட்டாகிறது. முழுமையாகப் பதப்படுத்திய தகடு உடைந்தால் சிறு மணிகளாக நொறுங்கும். எல்லாத் தகடுகளும் அவ்வாறு நொறுங்கினால் உத்திரம் ஈரத்துணிபோல் தொய்ந்துவிடும். வெப்பத்தால் வலுவூட்டிய கண்ணாடி பெரிய துண்டுகளாக உடைவதால், அத்துண்டுகள் இடைப்படலத்தின் துணையுடன் ஒன்றோடொன்று முட்டி ஓரளவு சுமையைத் தாங்கும். வலிமை குறைந்த கண்ணாடியைப் பல வடிவமைப்பாளர்கள் விரும்பித் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுவே.

கட்டிடங்கள்

ஆலஸ்டர் பில்கிங்டனின் மிதவை முறை 1959-இல் அறிவிக்கப்பட்ட பின்னர், பெரிய, தட்டையான கண்ணாடித் தகடுகள் மலிவாகக் கிடைத்தன. வழக்கமான மிதவைத் தகட்டின் அளவு 6 மீட்டருக்கு 3.21 மீட்டர் என்பதால் உத்திரங்களின் நீளமும் நெடுங்காலம் அந்த அளவுக்கு உட்பட்டே இருந்தது.

இங்கிலாந்தின் இப்சுவிச் நகரில் 1975-இல் கட்டி முடிக்கப்பட்ட வில்லிஸ் ஃபேபர் அண்ட் டுமாஸ் கட்டிடத்தில், கட்டிடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர் தொங்கும் கண்ணாடி முகப்பைக் கண்ணாடித் துடுப்புகளாலேயே விறைப்பாக்கினார். அங்கு துடுப்புகள் காற்றை மட்டும் எதிர்த்தன. கூரையையே தாங்கும் கண்ணாடி உத்திரங்கள் 1990களில் வந்தன. 1994-இல் இங்கிலாந்தின் கிங்ஸ்வின்ஃபோர்டில் இருந்த பிராட்ஃபீல்டு ஹவுஸ் கண்ணாடி அருங்காட்சியகத்துடன் இணைத்துக் கட்டப்பட்ட கூடம், உத்திரம், தூண், சுவர், கூரை அனைத்தும் கண்ணாடியால் ஆனது. உத்திரங்களும் தூண்களும் மூன்று தகடு அடுக்குக் கண்ணாடியால் செய்யப்பட்டு, தச்சர்கள் கழுந்தைத் துளையில் பொருத்துவது போல் இணைக்கப்பட்டன. அருங்காட்சியகம் 2015-இல் மூடப்பட்டது. அதே 1994-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில், இரு கட்டிடங்களை இணைக்கும் சிறிய நடைபாலம் ஒன்று கண்ணாடி உத்திரங்களின்மீது அமைக்கப்பட்டது.

தோக்கியோவில் 1996-இல் அமைந்த யூராக்குச்சோ நிலைய நுழைவாயில் கூரை இன்னும் துணிச்சலானது. ஒரு முனையில் மட்டும் தாங்கப்பட்டு 10 மீட்டருக்கு மேல் நீளும் அதன் உத்திரங்கள், கண்ணாடித் தகடுகளை ஒன்றோடொன்று படியவைத்து ஊசிகளால் இணைத்து உருவாக்கப்பட்டவை. நிலநடுக்கமும் சூறாவளியும் வழக்கமான ஒரு நகரில் இது நிறுவப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. நியூயார்க்கின் ஃபிப்த் அவென்யூவில் ஆப்பிள் நிறுவனம் 2006-இல் திறந்த கண்ணாடிக் கனசதுரம் பொதுமக்களிடையே இத்துறையைப் பரவலாக அறியச் செய்தது. அதன் 90 முகப்புத் தகடுகள் 2011-இல் 15 பெரிய தகடுகளாக மாற்றப்பட்டன.

ஆய்வுகளும் விதிமுறைகளும்

இந்த முன்னோடிக் கட்டிடங்கள் பலவும் பொதுவான விதிமுறைகள் இல்லாத காலத்தில், முழு அளவு மாதிரிகளை உடைத்துப் பார்த்தே கட்டப்பட்டன. நெளிவு பற்றிய விரிவான ஆய்வுகள் பின்னரே வந்தன. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் ஆந்திரேயாஸ் லூயிப்லே 2004-இலும், பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் யான் பெலிஸ் 2005-இலும் அளித்த ஆய்வேடுகள் இவற்றுள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவன. டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் லூட்டர் 2011-இல் முடித்த ஆய்வு, உத்திரத்தின் இழுவிசை விளிம்பில் துருப்பிடிக்காத எஃகுப் பட்டையை ஒட்டி, கண்ணாடி விரிசல் கண்ட பின்னும் சுமை தாங்கச் செய்யும் வழியை ஆராய்ந்தது; கற்காரைக்குள் கம்பி வைக்கும் கருத்தை இது ஒத்தது.

விதிமுறைகளில் ஆத்திரேலியத் தரமான ஏஎஸ் 1288 முன்னோடியானது. துடுப்புகளின் நெளிவுக்கென ஒரு பின்னிணைப்பே அதில் உண்டு. வடிவமைப்புத் திருப்புத்திறன், மாறுநிலைத் திருப்புத்திறனை 1.7-ஆல் வகுத்த அளவை மீறக் கூடாது என்று அது கூறுகிறது. இத்தாலியின் 2013 ஆம் ஆண்டு வழிகாட்டியும் நெளிவை விரிவாகக் கையாள்கிறது. ஐரோப்பிய அளவில், 2021-இல் வெளியான சிஇஎன்/டிஎஸ் 19100 தொழில்நுட்ப விவரக்குறிப்பின் மூன்றாம் பகுதி, தன் தளத்திலேயே சுமை பெறும் கண்ணாடி உறுப்புகளுக்கும் இணைப்புகளுக்கும் என ஒதுக்கப்பட்டுள்ளது.